மார்த்தாண்டம் பாலத்தடிக் கடை: பழைய ரவுட்டருக்குப் புது ஃபெர்ம்வேர்

திருவட்டாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ் என்று ஊரார் காகிதமெல்லாம் என் கடை ரவுட்டர் வழியாகத்தான் போய் வருகிறது. அதைத் தயாரித்த நிறுவனம் கடைசியாக ஃபெர்ம்வேர் (பெட்டியை இயக்கும் உள் மென்பொருள்; பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதன் புதுப் பதிப்புகள்தான்) வெளியிட்டது 2019இல் என்று அக்கா மகன் பார்த்துச் சொன்ன அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். புது மாடல் வாங்கச் சொன்னார்கள். ஓடுகிற பெட்டியை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே, சாலையோரத்தில் இருக்கிறது அந்தக் கடை. பாலத்தின் நிழலால் பகலிலும் டியூப்லைட் எரிகிறது. செல்போன் பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு. ரவுட்டர், கடை நடத்தும் தம்பியின் பித்து. நிறுவனத்தின் ஃபெர்ம்வேருக்குப் பதிலாகப் போடக்கூடிய, இலவசத் திறந்த மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். (லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்காக 2004இல் தொடங்கியது; பெயரின் வால் அங்கிருந்து வந்ததுதான்.) அவர் பெட்டியைக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் படித்தார்.

"அக்கா, இந்த மாடலின் முதல் பதிப்புக்குத்தான் ஆதரவு உண்டு. உங்களுடையது மூன்றாம் பதிப்பு, உள்ளே சிப்பே வேறு. முதல் பதிப்புக்கான ஃபெர்ம்வேரைத் தூக்கி இதில் போட்டால் பெட்டி செத்துப்போகும். புதிதாகத்தான் எழுத வேண்டும், நாளாகும்."

இதற்காகவே ஐந்து நட்சத்திரத்தில் நாலு கொடுத்துவிட்டேன். வேறொரு கடையில், பார்க்காமலே "அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன்" என்றிருந்தார்கள்.

அடுத்த வாரம் போனபோது மூடியைக் கழற்றி வைத்திருந்தார். பலகையின் ஓரத்தில் நாலு துளை. பெட்டி உள்ளே என்ன சொல்கிறது என்று படிக்க, மூன்றில் மட்டும் ஒயர் பற்றவைத்து மடிக்கணினியில் இணைத்திருந்தார். மின்சாரம் தரும் நாலாவது துளையைத் தொடவே இல்லை. திரையில் முதலில் எறும்பு ஊர்ந்ததுபோல ஏதேதோ குறிகள். அந்த இணைப்பின் வேகத்தை 57600 என்று மாற்றியதும் எழுத்துகள் தெளிந்தன. உள்ளே மீடியாடெக் எம்டி7628 சிப், 16 எம்பி ஃப்ளாஷ் (அணைத்தாலும் அழியாத நினைவகம்), 128 எம்பி ராம் (அணைத்தால் அழிந்துவிடும் நினைவகம்).

உடனே எதையும் அழித்து எழுதிவிடவில்லை. முதலில் ஃப்ளாஷ் முழுவதையும் நகல் எடுத்தார். அதில் 'ஃபேக்டரி' என்றொரு சிறு பகுதி உண்டாம். அந்தப் பெட்டிக்கே உரிய மேக் முகவரியும் (வலையமைப்பில் அதன் அடையாள எண்) வைஃபை அளவீடுகளும் அதில்தான் இருக்கின்றன. அது அழிந்தால் அடுத்த பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டினாலும் பழைய சிக்னல் வராது. ஜெராக்ஸ்காரிக்கு நகலின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு புது ஃபெர்ம்வேரை ராமில் மட்டும் ஏற்றி ஓட்டிக் காட்டினார். சுவிட்சை அணைத்துப் போட்டால் பழையபடி நிறுவனத்தின் ஃபெர்ம்வேரே வந்தது. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எந்த விளக்கு சிப்பின் எந்தக் காலில் இருக்கிறது என்று, பெட்டியின் உள்ளமைப்பை மென்பொருளுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில் ஒவ்வொன்றாக எழுதிச் சரிபார்த்த பின்புதான் ஃப்ளாஷில் எழுதினார்.

குறைகளும் இருக்கின்றன. பத்தொன்பது நாள் ஆனது. அதில் ஆறு நாள் போனையே எடுக்கவில்லை. இணையம் போனால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை. கடவுச்சொல் தட்டாமலே போனை வைஃபையில் இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வேலை செய்யாது. அமைப்புப் பக்கத்தில் அத்தனை தலைப்புகள். எனக்கு வேண்டியது இரண்டுதான், மற்றதைத் தொடப் பயம். கூலி 1,200 ரூபாய், ரசீது ஒரு ரீசார்ஜ் அட்டையின் பின்புறத்தில். இந்தக் காசுக்குப் புதிதே வருமே என்றார் வீட்டுக்காரர். வரும்தான். அதையும் எத்தனை வருடத்தில் கைகழுவுவார்கள்?

தான் எழுதியதை ஓப்பன்டபிள்யூஆர்டிக்கும் அனுப்பியிருக்கிறார். இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லி ஒருமுறை திருப்பிவிட்டார்களாம், மறுபடி அனுப்பியிருக்கிறார். ஏற்றுக்கொள்ளும்வரை, புதுப்பிக்க அவர் தொகுத்துத் தரும் கோப்பைத்தான் நான் போட வேண்டும்.

போன சனிக்கிழமை அப்படி ஒரு புதுப்பிப்பை முதல்முறையாக நானே போட்டேன். வெளியே இடி; கரண்ட் போய்விடுமோ என்று ரவுட்டரை யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு, விளக்கு சிமிட்டி முடிகிற வரை பட்டா நகலுக்கு வந்த பெரியவரைக் காக்க வைத்தேன். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே இருந்தன.