மேலேயே வந்து விழும் பிள்ளை: எடை ஜாக்கெட்டா, தூளியா, வீட்டு வேலையா?

எதிர்வீட்டு ஆயா மடியில் போய் விழுவது, பால்வாடியில் பக்கத்துப் பிள்ளையின் முடியைத் தடவுவது, ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்து இழுப்பது. நாலு வயதுப் பிள்ளை நாள் முழுக்க இப்படி இருந்தால் அடித்து அடக்கிப் பயனில்லை. இவர்களில் பலருடைய தசையும் மூட்டும் அழுத்தத்தைத் தேடுகின்றன என்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளின், அதாவது அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்களின் பார்வை. அந்த அழுத்தத்தை எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

தூளிக்குச் செலவில்லை. முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் பிள்ளை அடங்கும். வேகமாகச் சுற்றிவிட்டால் இன்னும் துள்ளும். கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளும் அபாயம் இருப்பதால் ஒரு நிமிடம்கூடத் தனியே விட முடியாது.

எடை ஜாக்கெட் என்பது சின்ன எடைப் பைகள் வைத்த மேல்சட்டை. அதில் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் வைப்பது வழக்கம். 16 கிலோ பிள்ளைக்கு 800 கிராமில் தொடங்கலாம். 20 நிமிடத்துக்கு மேல் போட்டு வைத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் எந்த மாற்றமும் தெரியவில்லை. தூங்கும்போது போடவே கூடாது.

என் ஓட்டு தூக்குவது, தள்ளுவது, பிசைவது போன்ற கனமான வீட்டு வேலைக்குத்தான். காரணம் ஒன்றே: இந்த அழுத்தப் பசி சாப்பாட்டுப் பசி மாதிரி, தீர்த்து வைத்தாலும் ஓரிரு மணி நேரத்தில் திரும்ப வரும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அலுக்காமல் செய்ய முடிகிற வழிதான் நிலைக்கும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டின் ஒற்றை அறையில், மே மாத வேர்வையில், எத்தனை தடவை ஜாக்கெட்டை மாட்டுவீர்கள்? துவைக்கும்போதெல்லாம் எடைப் பைகளை உருவி எடுக்க வேண்டும், மழைக்காலத்தில் காயவும் காயாது. பிள்ளை வளர வளர எடையையும் மாற்ற வேண்டும். வீட்டு வேலைக்கு இந்தப் பாடு கிடையாது.

தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பிக் கொடுங்கள். ஏறக்குறைய ஒரு கிலோ. படியேறும்போது ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும், பின்னால் நீங்கள் வாருங்கள். துணி நிரம்பிய பக்கெட்டைத் தரையோடு தள்ளச் சொல்லலாம். சப்பாத்தி மாவு பிசையட்டும். எதுவும் கிடைக்காவிட்டால் சுவர் இருக்கிறது: உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் ஊன்றி, காலை ஓரடி பின்னால் வைத்து, பத்து எண்ணும் வரை தள்ள வேண்டும், மூன்று முறை. எந்த வேலையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்தால் பளு அதிகம், குறைத்துவிடுங்கள்.

பெரும்பாலும் நேரத்தில்தான் கோட்டை விடுகிறோம். பிள்ளை கத்திப் புரள ஆரம்பித்த பிறகு வேலை கொடுத்தால் பக்கெட்தான் பறக்கும். பால்வாடிக்குக் கிளம்ப பத்து நிமிடம் முன்பு, கல்யாண வீட்டுக்குள் நுழையும் முன்பு என்று முந்திக்கொள்ள வேண்டும். தண்டனையாகச் சொன்னால் மறுநாள் தொடவே தொடாது.

படுக்கும் நேரத்துக்கு மட்டும் தலையணை. பாயில் குப்புறப் படுக்க வைத்து, தோளிலிருந்து கால் வரை தலையணையால் அழுத்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து எண்ணுங்கள். கழுத்தும் தலையும் வேண்டாம். வருடுவதும் கிச்சுகிச்சு மூட்டுவதும் பிள்ளையைக் கிளப்பிவிடும். “போதுமா, இன்னும் வேணுமா?” என்று கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

கூடவே, “கட்டிக்கலாமா?” என்று கேட்டுவிட்டுத் தொடப் பழக்குங்கள். வெளியாட்களுக்கு ஹை-ஃபைவ் (உள்ளங்கையில் தட்டுவது) மட்டும். ஆயா சிரித்துக்கொண்டு விட்டுவிட்டு, மாமா திட்டினால் பழக்கம் படியாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், பேச்சு பின்தங்கினால், வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் காட்டுங்கள். ஜாக்கெட்டுக்கு ஓர் இடம் உண்டு: எழுந்து போக முடியாத வகுப்பறை. தெரபிஸ்ட் எடையைக் குறித்துக் கொடுத்தால் போடுங்கள், பிள்ளை தானே கழற்றக்கூடிய ஒட்டுப்பட்டி வைத்ததாகப் பார்த்து.