ரெசின் மார்புச்சிலை ஒட்ட: ஃபெவிக்விக்கா, அரால்டைட்டா?

பண்டைய ஐரோப்பாவின் கெல்டிக் இன வீரனின் ரெசின் கிட்டில் (பிளாஸ்டிக் போன்ற பிசினில் வார்த்த, நாமே ஒட்டிச் சேர்க்கும் சிலைத் துண்டுகள்) பெரும்பாலும் தலை, மார்பு, தலைக்கவசம் எல்லாம் தனித்தனியாக வரும். எதை வைத்து ஒட்டினாலும், முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் துண்டுகளைக் கழுவி, வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிடுங்கள்.

ஃபெவிக்விக் ரகப் பசை ஈரத்தால்தான் இறுகுகிறது. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் ஐப்பசி அடைமழையில் அது இன்னும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். பொருத்திப் பார்த்து நகர்த்த நேரமே இருக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, பசையின் ஆவி இணைப்பைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடுவது. கெல்ட்டுகள் சுண்ணாம்பு நீரால் முடியை அலசிப் பின்னுக்கு வாரிவிடுவார்கள் என்று கி.மு. முதல் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். சிற்பி பார்த்துப் பார்த்துச் செதுக்கிய அந்த முரட்டு முடிக்கற்றைகளின் இடுக்கில் வெள்ளை படிந்தால் மனசே ஆறாது.

அரால்டைட்டுக்குப் பொறுமை வேண்டும். இரண்டு டியூபையும் சம அளவில் பிதுக்கி, நன்றாகக் கலக்க வேண்டும். ஆனால் தலையை லேசாகத் திருப்பி, பார்வை போகும் திசையைச் சரிசெய்ய அவகாசம் தரும். சின்ன இடைவெளியையும் நிரப்பிவிடும். கனமான தலைக்கு என் ஓட்டு இதற்குத்தான். கூடவே கழுத்தில் துளை போட்டு ஒரு பித்தளைக் கம்பியைச் செருகுங்கள். கும்பகோணத்தில் பித்தளைக்கா பஞ்சம்!

மீசை நுனி, தலைக்கவசக் கொம்பு மாதிரி சின்னத் துண்டுகளுக்கு ஃபெவிக்விக் போதும். ஊசிமுனையில் துளி தொட்டு, வெயில் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். அப்புறம், ரெசினைத் தண்ணீர் தொட்டே தேயுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.