கெரியர் கோச்சிங்: மணிக்கு 3,540 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கிண்டியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளராக இருக்கிறேன். சேர்ந்ததிலிருந்து கம்பி வளைப்பு அட்டவணை, அதாவது எந்தக் கம்பியை எவ்வளவு நீளத்தில் வெட்டி எப்படி வளைப்பது என்ற பட்டியல், போடுவதுதான் வேலை. என்னோடு சேர்ந்த பையன்கள் சைட்டுக்குப் போய்வருகிறார்கள். எனக்குக் கணினியே கதி. இதற்கு வழி தேடித்தான், வேலையில் முன்னேற வழிகாட்டும் ஒரு கெரியர் கோச்சைப் பிடித்தேன். வங்கியில் மனிதவளத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையார், தனியாக நடத்துகிறார். சந்திப்பெல்லாம் வீடியோ அழைப்பில்தான்.

மணிக்கு 3,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 3,540. ஆறு அமர்வுகளை மொத்தமாகத்தான் வாங்க வேண்டும், பணத்தை முன்னதாகக் கட்ட வேண்டும். பாதியில் விட்டால் திரும்ப வராது. இளநிலைச் சம்பளக்காரர்களிடம் இப்படி ஒரே மூச்சில் வாங்குவது நியாயமில்லை.

முதல் அமர்வு வீண். ஆளுமைச் சோதனை ஒன்றை எழுதவைத்து, நான் கூச்ச சுபாவம் உள்ளவள் என்று வண்ண வண்ணப் படங்களோடு அறிக்கை அனுப்பினார். இதை என் அம்மா காசு வாங்காமல் சொல்வார்.

கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது, என்னைச் சைட்டுக்கு அனுப்பும்படி மேலாளரிடம் கேட்பதற்கான ஒத்திகையில். “மேலாளர் என்ன சொல்லி மறுப்பார்?” என்று கேட்டார். “சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லையேம்மா என்பார்” என்றேன். உடனே அவரே மேலாளராகி அதே அக்கறைக் குரலில் அதைச் சொன்னார். நான் கோரிக்கையை வைத்த கையோடு, “முடியாவிட்டால் பரவாயில்லை சார்” என்றும் சேர்த்துக்கொண்டேன். நிறுத்தினார். “அவர் மறுப்பதற்குள் நீங்களே ஏன் மறுத்துக்கொள்கிறீர்கள்? கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.” அந்த மௌனத்தைத் தாங்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

கோரிக்கையும் அங்கேதான் உருப்பெற்றது. பொதுவாக “சைட்டுக்கு அனுப்புங்கள்” என்றால் தட்டிக்கழிப்பது எளிது. “ஸ்லாபுக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் கம்பிகளைச் சரிபார்க்க என்னை அனுப்புங்கள், அந்த அட்டவணையைப் போட்டவள் நான்தான்” என்றால் அப்படி முடியாது. ஓரிரு மணி நேர வேலை என்பதால் கழிப்பறைக் காரணமும் நிற்காது.

அப்படியே கேட்டேன். மேலாளர் தாடையைச் சொறிந்தார், கைப்பேசியைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. “சரி, வேளச்சேரி சைட்டுக்குப் போய்ப் பாரும்மா” என்றார். போனால், கம்பிக்குக் கீழே கான்கிரீட் மூடுவதற்கு 20 மில்லிமீட்டர் இடைவெளி (கவர்) இருக்க வேண்டிய இடத்தில், கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் நொறுங்கி, அடிக்கம்பி பலகைமேல் படுத்துக் கிடக்கிறது. தூக்கி வைக்கச் சொல்லி, படம் எடுத்து அனுப்பினேன். அதன்பின் அந்த வேலை எனக்கே வந்துவிட்டது.

இதை அலுவலக சீனியரிடமே கேட்டிருக்கலாமே என்பார்கள். எங்கள் சீனியர் மேலாளரோடு உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார். தொழில்நுட்பச் சந்தேகத்துக்கு அவரை விட்டால் ஆளில்லை, அது வேறு. கோச்சுக்குக் கட்டுமானத்தில் அ, ஆ தெரியாது. வேலை வாங்கித் தரவும் மாட்டார். தூக்கம் வராத அளவுக்கு மன உளைச்சல் இருந்தால் மனநல ஆலோசகரிடம் போகச் சொல்லி முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நேர்மை பிடித்திருந்தது.

நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்ட உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால், ஆளைத் தேடும்போது சான்றிதழைக் கேளுங்கள். 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பின் ஏசிசி என்ற தொடக்கநிலைத் தகுதிக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். இவரிடம் அது இருந்தது. வார இறுதிப் பட்டறை ஒன்றை முடித்துவிட்டு வருபவரிடம் இந்தப் பணத்தைக் கொடுக்க மாட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அடுத்த ஆறு அமர்வுகளுக்குத் தள்ளுபடி தருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். வேண்டாம் என்று பதில் போட்டேன். ஏப்ரல் சம்பள உயர்வுப் பேச்சுக்கு முன்னால் ஒரே ஒரு ஒத்திகைக்கு மட்டும் தனியாகக் கட்டணம் வாங்குவாரா என்று கேட்டிருக்கிறேன்.