எட்டில் வைத்தால் எட்டில் நிற்கவேண்டும்: 55 மைக்ரோ நிக்கோர்

சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் நிக்கானின் பழைய நெருக்கப்பட லென்ஸான 55 எம்எம் எஃப்/2.8 மைக்ரோ நிக்கோர் ஒன்று விலைக்கு இருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கூர்மையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கூடை கூடையாகப் புகழ்ந்தாகிவிட்டது, எல்லாம் உண்மைதான். கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: பிளேடுகள் காய்ந்திருக்கின்றனவா?

இந்த லென்ஸுக்குப் பேர்போன வியாதி அது. ஃபோகஸ் வளையத்துக்குள் இருக்கும் ஹெலிகாய்டு என்னும் திருகுப் புரிகளில் பூசிய கிரீஸிலிருந்து நாளடைவில் எண்ணெய் பிரிந்து கசிந்து, வெளிச்சம் வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் 7 அபெர்ச்சர் பிளேடுகளின்மேல் படலமாகப் படியும். பிளேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெப்பம் இதைத் துரிதப்படுத்தும். ஆண்டு முழுக்க 30 டிகிரியைத் தொடும் நம் ஊரில், வெயிலில் நிறுத்திய காருக்குள் லென்ஸை விட்டுவைப்பது நாமே எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம்.

பழைய ஃபிலிம் கேமராவில் ஃபிலிமைக் கழுவியதும் இந்தக் கோளாறு தெரிந்துவிடும், படம் வெளுத்துப்போகும். மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டுப் பயன்படுத்தும்போதுதான் ஏமாற்றும். துளையை எஃப்/2.8-இல் அகலத் திறந்து ஃபோகஸ் செய்து, அபெர்ச்சர் வளையத்தைத் துளை சிறுக்கும் எஃப்/8-க்குத் திருப்புகிறோம். பிளேடுகள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. கேமரா உள்ளே வரும் வெளிச்சத்தை அளந்து ஷட்டரைச் சரிசெய்துகொள்வதால் படத்தின் வெளிச்சத்தில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் துளை பெரிதாகவே நின்றதால் தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிடும்; வீட்டுக்கு வந்து பார்த்தால் சிலந்தியின் கண் மட்டும் தெளிவு, கால்கள் பஞ்சு. கை ஆடிவிட்டது, காற்று அடித்தது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மேனுவல் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் உண்மை வெளியே வரும்: ஒரு படம் சரி, அடுத்தது வெள்ளை.

ஆகவே கடையில் செய்யவேண்டியது இது. அபெர்ச்சர் வளையத்தை எஃப்/22-இல் வையுங்கள். பின்பக்கம் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். சட்டென்று மூடவேண்டும், நகர்ந்து நகர்ந்து மூடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒருமுறை போதாது, பத்து முறையாவது. பிறகு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பிளேடுகளில் மினுக்கு தெரிகிறதா, கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை சுற்றுங்கள். கல்போல இறுகியிருந்தால் கிரீஸ் செத்துவிட்டது என்று அர்த்தம்.

“துடைத்துக் கொடுத்துவிடுகிறேன்” என்று சொல்லும் கடைக்காரரிடம் எதைத் துடைப்பார் என்று கேளுங்கள். பிளேடுகளை மட்டும் லைட்டர் திரவம் போட்டுத் துடைத்தால் எண்ணெய் திரும்ப வரும். பழைய கிரீஸை முழுக்க எடுத்துப் புதிது பூசவேண்டும், பிளேடுகளை எதுவும் போடாமல் காயவிட்டு மாட்டவேண்டும். இந்த லென்ஸில் கிட்டத்தில் எடுக்கும்போது வரும் பிழையைத் திருத்துவதற்காகக் கண்ணாடித் தொகுதிகள் வெவ்வேறு அளவில் நகரும். புரிகளைப் பிரிக்குமுன் அடையாளம் போடாவிட்டால், திரும்பப் பூட்டும்போது தொலைதூர ஃபோகஸும் (இன்ஃபினிட்டி) போகும், கிட்டத்துக் கூர்மையும் போகும். இந்த வேலைக்குக் கூலி கொடுத்தால், லென்ஸ் மலிவு என்ற பேச்சையே விட்டுவிடவேண்டியதுதான்.

இவ்வளவு திட்டியும் கையில் எடுத்தால் கோபம் தங்குவதில்லை. நல்ல கிரீஸ் போட்ட ஃபோகஸ் வளையம் நெய்யில் விரல் போவதுபோலச் சுழலும். பூமலைத் தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் இதழின் விளிம்பில் ஃபோகஸை மயிரிழையில் நிறுத்துவதற்கு இன்றைய மோட்டார் லென்ஸ்கள் பக்கத்தில் வரமாட்டா.

ஆனால் அந்தச் சுகம் பூவோடு சரி. லென்ஸ் தனியாக 1:2 வரைதான் போகும், அதாவது சென்சாரில் பூச்சி பாதி அளவில்தான் விழும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் பிகே-13 குழாய் 27.5 மில்லிமீட்டர், அதைச் சேர்த்தால் 1:1, முழு அளவு. அங்கே எஃப்/8-இல் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் பிடிக்கவேண்டும். அபெர்ச்சர் வளையம் எஃப்/8 என்று காட்டினாலும் சென்சாருக்குச் சேரும் வெளிச்சம் எஃப்/16 அளவுதான். எஃப்/16-க்குத் திருப்பினால் மொத்தப் படமும் மழுங்கும். லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் இடையே ஐந்தாறு சென்டிமீட்டர்தான். தாவும் சிலந்தி பொறுத்துக்கொள்ளும். முசுறு பொறுக்காது, லென்ஸில் ஏறிக் கைக்கு வந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கேமராக்காரர் டிடிஆர்ட்டிசன் 40 எம்எம் எஃப்/2.8-ஐப் புதிதாக வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். குழாய் இல்லாமலே 1:1 போகும், முப்பது நாற்பது வருட கிரீஸும் கிடையாது. அடாப்டரில்தான் மாட்டப்போகிறோம் என்றால் பழைய 55 எஃப்/3.5-உம் உண்டு, அதில் இந்த எண்ணெய்த் தொல்லை பொதுவாகக் குறைவு.

இருந்தாலும், பெனின்சுலாவில் இருப்பது பத்துக்குப் பத்து சட்டென்று மூடினால் இன்னொருவர் கைக்குப் போக விடாதீர்கள். பிகே-13 இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். வீட்டில் லென்ஸ் வைக்கும் டிரை கேபினெட்டில் ஈரப்பதம் 40-க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையில் இருக்கட்டும். அடாப்டரில் மாட்டிய லென்ஸைக் கேமரா உணராது என்பதால், கேமராவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்பதை முதலில் இயக்கிவிடுங்கள். அது தெரியாமல் லென்ஸ் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.