42 இலட்சம் போச்சு: கொமர்ஷல் பைலற் பயிற்சியை வெளிநாட்டில முடிக்கப் போறவைக்கு

காசு 42 இலட்சம். திருப்பித் தரமாட்டினமாம், நேற்று வாயாலயே சொல்லிப்போட்டினம். அதான் இண்டைக்கே எழுதுறன். பேர் போடேல்ல. யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள, வெளிநாட்டுப் பறப்புப் பள்ளிக்குப் பிள்ளையளைச் சேர்த்துவிடுற ஒரு முகவர் அலுவலகம்.

அக்கான்ர மகன் இரத்மலானையில பி.பி.எல், அதாவது தனியார் பைலற் லைசென்ஸ், எடுத்தவன். கையில 62 மணித்தியாலப் பறப்பு. கொமர்ஷல் லைசென்ஸுக்கு 200 வேணும், மிச்சத்தை எங்க முடிக்கிறது எண்டதுதான் கேள்வி. முகவர் அலுவலகத்தில இருந்த மனிசன் பெடியன்ர லொக்புக்கை, பறந்த நேரம் எழுதுற புத்தகத்தை, வாங்கி, பக்கம் பக்கமாப் புரட்டி, பென்சிலால தானே கூட்டிப் பாத்தார். "தம்பி, உங்கட 62 உம் அப்பிடியே சேரும். 200 இல மிச்சம் 138. பத்து மாசம், அதுக்கு மேல போகாது. அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." கணக்கு சரி. லொக்புக் வாசிக்கத் தெரிஞ்ச ஆள். அந்த இடத்திலதான் அக்கா காணியை ஈடு வைக்க ஓமெண்டவ.

அந்த 138 க்குள்ள என்ன இருந்தது தெரியுமோ? 50 மணித்தியாலம் சிமுலேற்றர், தரையில இருந்து ஓட்டிப் பழகிற மெசின். ஐ.சி.ஏ.ஓ எண்ட சர்வதேச விமான அமைப்பின்ர விதிப்படி கொமர்ஷல் லைசென்ஸுக்கான 200 இல சிமுலேற்றர் நேரம் கூடினது 10 தான் சேரும். மிச்சம் 40 உம் காத்தில பறந்த காசு. ஒப்பந்தத்தில "மொத்தப் பயிற்சி 138 மணித்தியாலம்" எண்டுதான் கிடக்கு, "விமானத்தில" எண்ட சொல் எங்கயும் இல்லை. கேட்டதுக்கு, "அண்ணை, எல்லாப் பள்ளியிலயும் இப்பிடித்தான்" எண்டார். பொய்.

200 எண்டுறது மொத்தம் மட்டும்தான். அதுக்குள்ள 100 மணித்தியாலம் நீங்களே விமானத்துக்குப் பொறுப்பான கொமாண்டரா ஓட்டியிருக்க வேணும். அந்த 100 இல 20 ஊர் விட்டு ஊர் பறக்கிறது. அதில ஒரு பயணம் 540 கிலோமீற்றருக்குக் குறையாமல், வழியில ரெண்டு வேற விமான நிலையத்தில முழுசா இறங்கி ஏறினதா இருக்க வேணும். கருவி பாத்து ஓட்டுற பயிற்சி 10, அதில தரையில செய்யிறது 5 க்கு மேல போகக்கூடாது. பி.பி.எல் முடிச்ச பெடியனுக்குத் தனிய, அதாவது கொமாண்டரா, ஓட்டினது 15 எண்டு வையுங்கோ, இன்னும் 85 வேணும். பள்ளி தந்த அட்டவணையில தனிப்பறப்பு 40. மிச்சத்துக்கு, ரெண்டு மாணவரை ஒரே செஸ்னா 172 இல ஏத்தி ரெண்டு பேருக்கும் கொமாண்டர் நேரம் எழுதுற திட்டம். அது ஒரு பைலற் ஓட்டுற விமானம். ஒரு நேரத்தில ஒரு கொமாண்டர்தான். லொக்புக்கை விமானப் போக்குவரத்து அதிகாரசபை பார்க்கிற அண்டைக்கு இந்தப் பக்கமெல்லாம் அடிபடும்.

விமானக் கதை இன்னும் மோசம். விளம்பரத்தில எட்டு விமானம். பறக்கிறது ஒண்டு. ஹங்கருக்குள்ள நிக்கிறதில ஒண்டுக்கு புறொப்பெல்லரே இல்லை. பெடியன் படம் எடுத்து அனுப்பினவன். இந்த விமானங்களில இருக்கிற லைக்கொமிங் எஞ்சின் 2000 மணித்தியாலத்தில ஓவர்ஹோலுக்கு, முழுசாக் கழட்டித் திருத்திறதுக்கு, போக வேணும். காசில்லாத பள்ளி அதைச் செய்யாமல் விமானத்தை மூலையில தள்ளி, அதில பாகம் கழட்டி மற்றதுக்குப் போடும். இப்ப கணக்குப் போடுங்கோ: ஒரு விமானம் ஒரு நாளைக்கு 4 மணித்தியாலப்படி மாசம் 25 நாள் பறந்தால் 100. அதோட 100 மணித்தியாலத்துக்கு ஒருக்காச் செய்யிற சோதனைக்கு விமானத்தை நிப்பாட்ட வேணும். மாணவர் 40 பேர். ஆளுக்கு மாசம் இரண்டரை. சேரக்கூடிய சிமுலேற்றர் 10 ஐக் கழிச்சாலும் விமானத்தில 128 வேணும், இந்த வேகத்தில எத்தினை வருசம்? நாலுக்கு மேல. பத்து மாசமாம்!

ரெண்டு பறப்புக்கு நடுவில இடைவெளி கூடினால் இன்ஸ்ரக்டரோட "செக்" பறப்பு, அதுவும் எங்கட காசில. விமானத்தின்ர மீற்றர் 1.1 மணித்தியாலம் காட்டின நாளில பில்லில 1.5. கிளாஸ் 1 மெடிக்கல், பைலற்றுக்கு வேண்டிய மருத்துவச் சான்றிதழ், 12 மாசத்தில முடிஞ்சு போச்சு, அதுக்கும் திரும்பக் காசு. கடைசியா பெடியன் 19 மணித்தியாலத்தோட வீட்டை வந்து நிக்கிறான். 42 இலட்சத்துக்கு 19 மணித்தியாலம்!

முகவரிட்டக் கேட்டால் "பள்ளியோட கதையுங்கோ". பள்ளி சொல்லுது "உங்கட ஒப்பந்தம் முகவரோட". பிறகு மழைக்காலம் எண்டினம், பாகம் சுங்கத்தில நிக்குது எண்டினம். வட்ஸ்அப்பில நீல ரிக் விழும், பதில் வராது. நேர போனால் முன்மேசைப் பிள்ளை "சேர் கொழும்புக்குப் போட்டார்" எண்டுது. சேரின்ர கார் வாசலில நிக்குது. அக்கா இப்பவும் மாசாமாசம் வட்டி கட்டுறா.

அந்த அலுவலகம் இப்பவும் திறந்துதான் கிடக்கு. ஏ.எல் முடிச்ச பிள்ளையளின்ர வீடுகளுக்குக் கோல் எடுக்கினம். போறதெண்டால்:

முழுக்காசையும் ஒருக்காலும் முன்னுக்குக் கட்டாதேங்கோ. பத்துப் பத்து மணித்தியாலமா, பள்ளியின்ர கணக்குக்கே கட்டுங்கோ, முகவரின்ர கையில வேண்டாம். விமான மணித்தியாலம், சிமுலேற்றர், தனிப்பறப்பு மூண்டையும் வேற வேறயா எழுதி வாங்குங்கோ. அந்த நாட்டு லைசென்ஸை இங்க மாத்த என்னென்ன வேணும் எண்டு கட்டுநாயக்காவில இருக்கிற சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிட்ட எழுத்தில கேளுங்கோ. இண்டைக்குப் பறக்கிற விமானத்தின்ர பதிவு இலக்கங்களையும் மாணவர் தொகையையும் கேளுங்கோ. அங்க இப்ப படிக்கிற பிள்ளை ஒண்டோட, முகவர் பக்கத்தில இல்லாத நேரம் பாத்துக் கதையுங்கோ. போன மாசம் எத்தினை மணித்தியாலம் பறந்தனீங்கள் எண்டு மட்டும் கேட்டால் போதும்.