நாலாவது டவுன், ஒரு யார்டு: பன்ட்டா, பாய்ச்சலா?

அமெரிக்கக் கால்பந்தில் பத்து யார்டு நகர நான்கு வாய்ப்பு (டவுன்). கடைசி வாய்ப்பில் ஒரு யார்டு மிச்சம் என்றால், பந்தைத் தூரமாக எதிரணியிடம் உதைத்துவிடுவதா (பன்ட்), அந்த யார்டுக்குப் பாய்வதா? அயோவா பல்கலைக்கழக அணியான ஹாக்கைஸின் ரசிகர்களுக்கு வயிறு எரியும் இடம் இதுதான்.

ஆபத்து:
பன்ட் அடித்தால் எதிரணி தன் கோல் கோட்டுப் பக்கம் தள்ளித் தொடங்கும்.
பாய்ந்து தவறினால் பந்து அங்கேயே கைமாறும்.

புள்ளிகள்:
பன்ட்டில் நேரடியாக எதுவும் வராது. 2022இல் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என வென்றார்கள்; ஒரு ஃபீல்டு கோல் (உதைத்து எடுக்கும் 3 புள்ளி), இரண்டு சேஃப்டி (எதிரணியை அதன் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினால் 2 புள்ளி), பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் டச்டவுனே கிடையாது! ஜெயித்தும் மனசு ஆறவில்லை.
பாய்ச்சல் பலித்தால் நான்கு புது வாய்ப்பு.

தற்காப்பை நம்பியே 2023இல் 10 ஆட்டம் வென்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஆடும் பிக் டென் லீக்கின் இறுதியில் மிச்சிகனிடம் 26-0 தோல்வி.

முன்னிலையும், அயோவாவுக்கு ஆடிய டோரி டெய்லர் மாதிரி பன்ட்டரும் (பன்ட் உதைப்பவர்) இருந்தால், சொந்தப் பாதியில் உதைக்கலாம். பின்தங்கி, எதிரணிப் பாதியில் நின்றால் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தோடு முட்டி மோதட்டும்.