மீன் குட்டையின் வெப்பம் அளக்க: டிஎஸ்18பி20-ஆ, தெர்மிஸ்டரா?

மாமாவின் மீன் குட்டை ஆறடி ஆழம். கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறார். சித்திரை வெயிலில் மேல்தண்ணீர் சுடும். உள்ளே இறங்கினால் முழங்காலுக்குக் கீழே சில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் கோடைமழை கொட்டினால் மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்கும், ஆக்சிஜன் குறைந்த அடிநீர் மேலே கலக்கும், மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வெப்பநிலை அல்ல. ஒரு அடி, மூன்று அடி, ஐந்து அடி ஆழங்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான்.

எல்எம்35 என்ற வெப்பச் சென்சாரை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான் தரும். சென்சாரைப் படிக்கும் சிறு கணினி போர்டான ஆர்டுயினோ யூனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிப்பதால் ஒரு படியே கிட்டத்தட்ட அரை டிகிரி ஆகிவிடுகிறது. நீளக் கேபிளில் இரைச்சல் வேறு சேரும். பிடி100 என்ற பிளாட்டினத் தடைச் சென்சார் நல்ல பொருள், மறுக்கவில்லை. ஆனால் டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும். கேபிளின் தடை ஒரு ஓம் கூடினாலே இரண்டரை டிகிரிக்கு மேல் தப்பாகக் காட்டும். அதைச் சரிக்கட்ட மூன்று அல்லது நான்கு கம்பி, புரோப்புக்கு (தண்ணீரில் தொங்கும் சென்சார் முனைக்கு) ஒரு மேக்ஸ்31865 என்ற அளவுப் போர்டு. ஒரு குட்டைக்கு இவ்வளவு தேவையில்லை.

மிச்சம் இரண்டுதான்: ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து வரும் டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் சென்சார் சிப், அப்புறம் சூடு ஏற ஏறத் தடை குறையும் 10 கிலோ ஓம் என்டிசி தெர்மிஸ்டர்.

வயரிங்கில் டிஎஸ்18பி20 சந்தேகமே இல்லாமல் முந்துகிறது. ஒவ்வொரு சிப்புக்கும் தனி 64 பிட் எண் இருப்பதால் மூன்று புரோப்பையும் ஒரே மூன்று கம்பிக் கேபிளில் தொங்கவிடலாம். டேட்டா கம்பிக்கும் மின்கம்பிக்கும் நடுவே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். ஈஎஸ்பி32 என்ற போர்டின் 3.3 வோல்ட்டில் நீளக் கேபிள் தகராறு செய்தால் அந்த ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓமாகக் குறைத்துப் பாருங்கள். தெர்மிஸ்டருக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு அனலாக் பின், ஒரு ரெசிஸ்டர். ஆனால் அது 25 டிகிரி பக்கம் டிகிரிக்குச் சுமார் 440 ஓம் மாறுகிறது. கேபிளின் ஒன்றிரண்டு ஓம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. யூனோவில் ஒரு படி 0.1 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. தடையை வெப்பநிலையாக மாற்றும் ஸ்டைன்ஹார்ட்-ஹார்ட் சமன்பாடே 1968-இல் ஆழ்கடல் ஆய்விதழ் ஒன்றில் வந்ததுதான். தண்ணீருக்கும் தெர்மிஸ்டருக்கும் உறவு பழையது.

துல்லியத்துக்கு வருவோம். டிஎஸ்18பி20 0.0625 டிகிரிப் படிகளில் எண் தரும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். தயாரிப்பாளரின் டேட்டாஷீட் உறுதி கொடுப்பது அரை டிகிரி இந்தப் பக்கம், அரை டிகிரி அந்தப் பக்கம். ஒன்று மேலே, இன்னொன்று கீழே தள்ளிக் காட்டினால் இல்லாத ஒரு டிகிரி வித்தியாசம் குட்டையில் தெரியும். சந்தையில் போலிச் சிப்புகளும் நிறைய.

இதற்கு வழி ஐஸ். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் நொறுக்கி ஃபிளாஸ்க்கில் போட்டேன். இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, மூன்று புரோப்பையும் நூலால் சேர்த்துக் கட்டி நடுவில் இறக்கிக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் கழித்து ஒன்று 0.31, இன்னொன்று 0.06, மூன்றாவது மைனஸ் 0.25. அந்த எண்களை அப்படியே புரோகிராமில் கழித்துவிட்டேன். வெதுவெதுப்பான வாளித் தண்ணீரிலும் முக்கிப் பார்த்தேன், மூன்றும் ஒட்டியே நின்றன. தெர்மிஸ்டருக்கும் இதே வைத்தியம்தான். ஆனால் அதன் தடை-வெப்பநிலைக் கோடு வளைந்தது என்பதால் ஐஸ் மட்டும் போதாது, மூன்று வெப்பநிலைகளில் அளந்தே ஆக வேண்டும்.

எனக்கு முடிவைச் சொன்னது இவை எதுவும் இல்லை. குட்டையில் இறக்கிய பதினெட்டாம் நாள் இரவு அடிப் புரோப் மைனஸ் 127 காட்டியது, நடுநடுவே 85. மைனஸ் 127 வெப்பநிலையே அல்ல. சென்சார் பதில் சொல்லவில்லை என்று, அதைப் படிக்கும் ஆயத்த நிரலான லைப்ரரி வைக்கும் குறி. 85 என்பது சிப்புக்கு மின்சாரம் வந்ததும் அதற்குள் இருக்கும் தொடக்க எண். வெளியே எடுத்துக் குழாய் வாயில் இருந்த கறுப்பு உறையை பிளேடால் கீறினேன். உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. செப்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. வாட்டர்புரூஃப் என்று விற்கிறார்கள், ஆனால் மாதக்கணக்கில் முங்கிக் கிடப்பதற்கு அந்த உறை தாங்காது.

தெர்மிஸ்டரில் இதே ஈரம் புகுந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இரு கால்களுக்கு நடுவே ஈரம் 100 கிலோ ஓம் பாதை போட்டால் 10 கிலோ ஓம் 9.1 ஆகும், அளவு இரண்டு டிகிரி கூடுதலாக, நம்பும்படியாகவே வரும். டிஎஸ்18பி20 கெட்டுப்போனால் பெரும்பாலும் உளறிக் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீருக்கடியில் கண் பார்க்காத இடத்தில் வைக்கும் சென்சாருக்கு இந்தக் குணம் மிகப் பெரிது. என் ஓட்டு அதற்குத்தான்.

ஒரு புரோப், ஒரு நாள் சோதனை, கையில் யூனோ மட்டும் என்றால் தெர்மிஸ்டரே போதும். ஒரு டிஎஸ்18பி20 விலையில் பல வாங்கலாம்.

இப்போது குட்டையில் இருப்பவை மூன்று டிஎஸ்18பி20. குழாய் வாயை எப்பாக்சியால் அடைத்து, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க்கை அதன் மேல் சுருக்கி, செங்கல் கட்டிய நைலான் கயிற்றில் ஏற்றியிருக்கிறேன். கேபிளின் மேல் நுனியும் பெட்டிக்குள் கீழ்நோக்கி வளைந்துதான் நுழைகிறது, மழைநீர் கேபிள் வழியே வழிந்து உள்ளே போகக்கூடாது என்று. நடுப் புரோப்போடு ஒரு தெர்மிஸ்டரையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். இரண்டும் அரை டிகிரிக்கு மேல் முரண்டினால் கயிற்றை இழுத்துப் பார்த்துவிடுவேன்.